ஜனவரி 7: ஒரு படையெடுப்பின் நியாயம்

2019 மே மாதக் கடைசியில் தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் பிரேம் தின்சூலானந்தா காலமானார். சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங் எழுதிய இரங்கல் குறிப்பில், பிரேமின் ஆட்சிக்காலத்தில் ஆசியான் நாடுகள் ஒன்றுசேர்ந்து கம்போடியா மீதான வியட்நாமின் படையெடுப்பை எதிர்த்து நின்றதைப் பெருமையுடன் நினைவுகூர்ந்தார். ஒரு வாரத்துக்குள் கம்போடியப் பிரதமர் ஹூன் செனிடமிருந்து கடுமையான பதில் வந்தது. இனப்படுகொலை செய்த ஆட்சியைச் சிங்கப்பூர் அன்று ஆதரித்ததைத்தான் இந்தக் குறிப்பு காட்டுகிறது என்றார் அவர். வியட்நாம் வெளியுறவு அமைச்சகமும் தன் வருத்தத்தைத் தெரிவித்தது. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த வழக்கு தீரவில்லை.

வழக்கில் சிங்கப்பூர் எடுத்த பக்கம்தான் இன்றும் பெரும்பான்மையோரின் பக்கம். ஒரு நாட்டுக் கொடுங்கோலனை அந்த நாட்டு மக்கள்தான் இறக்க வேண்டும், அயல்நாட்டுப் படைக்கு அந்த உரிமை கிடையாது, ஒருமுறை விதிவிலக்குக் கொடுத்தால் நாளை எல்லா வல்லரசுகளும் அதே வாசலில் நுழைந்துவிடும் என்பது அந்தத் தரப்பின் வாதம். 2003-இல் அமெரிக்கா இராக்கில் செய்ததைப் பார்த்த பிறகு நம்மிடையே இதைக் கேள்வி கேட்பவர்கள் அருகிவிட்டார்கள். இடதுசாரி மேடைகளில் ஏகாதிபத்திய எதிர்ப்பின் பெயரில் இது சொல்லப்படுகிறது. தேசியம் பேசுகிறவர்கள் இறையாண்மையின் பெயரில் சொல்கிறார்கள். அமைதியை விரும்புகிறவர்கள் போரே கூடாது என்ற நல்லெண்ணத்தில் சொல்கிறார்கள். மூன்று தரப்பும் வேறெதிலும் இப்படி ஒத்துப்போவதில்லை.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். 1978 டிசம்பர் 25 அன்று வியட்நாம் கம்போடியாவுக்குள் பெரும்படையை அனுப்பியது, 1979 ஜனவரி 7 அன்று நோம் பென் நகரைப் பிடித்தது, கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜின் தலைவர் போல் பாட்டின் ஆட்சியை வீழ்த்தியது. இது நியாயமான செயல். அதைத் தண்டிக்கப் புறப்பட்ட உலகம்தான் அநியாயம் செய்தது.

எந்தப் போரையும் எடைபோடுமுன் அது எதை நிறுத்தியது என்று பார்க்க வேண்டும். கொள்கை பேசுகிறவர்கள் இந்த இடத்தை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். கெமர் ரூஜ் ஆட்சி கொடியதுதான், ஆனால், என்று தொடங்கி அந்த ‘ஆனால்’ஐத் தாண்டியதும் வேகமெடுக்கிறார்கள். அப்படிக் கடக்கக்கூடிய இடமல்ல அது.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படை நோம் பென்னுக்குள் நுழைந்தது. போர் அகதிகளோடு சேர்த்து அப்போது நகரில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் இருந்தார்கள். சில நாட்களுக்குள் அத்தனை பேரும் வெளியே துரத்தப்பட்டார்கள். மருத்துவமனை நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள் உறவினர்கள். பணம் ஒழிக்கப்பட்டது, தேசிய வங்கிக் கட்டடம் தகர்க்கப்பட்டது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பௌத்த பிக்குகளின் காவி உடையைக் களைந்து வயலுக்கு அனுப்பினார்கள். சாம் முஸ்லிம்களின் மொழியும் வழிபாடும் தடை செய்யப்பட்டு, எதிர்த்த ஊர்கள் அழிக்கப்பட்டன. ஹெக்டேருக்கு மூன்று டன் நெல் என்று கட்சித் தலைமை ஓர் இலக்கு வைத்தது. அதற்கு முந்தைய விளைச்சலோ அதில் பாதியைக்கூட எட்டியதில்லை. இலக்கை எட்டாத உள்ளூர்ப் பொறுப்பாளனுக்குத் தலை தங்காது. ஆகவே அவன் விளைந்ததாகக் கணக்கு எழுதினான். அந்தக் கணக்குப்படி நெல் மேலே போயிற்று. நட்டு அறுத்தவர்களுக்குப் பொதுச் சமையற்கூடத்தில் சோற்றுப் பருக்கை மிதக்கும் கஞ்சித்தண்ணீர் மிஞ்சியது. இப்படித்தான் அரிசி விளையும் நாட்டில் லட்சக்கணக்கானோர் பசியில் செத்தார்கள்.

நோம் பென்னில் ஓர் உயர்நிலைப் பள்ளி எஸ்-21 என்ற சித்திரவதைச் சிறையாக்கப்பட்டது. இன்று துவோல் ஸ்லெங் அருங்காட்சியகமாக நிற்கும் கட்டடம் அது. உள்ளே கொண்டுவரப்பட்டவர்கள் 12,000-க்கும் அதிகம். ஒவ்வொருவரையும் புகைப்படம் எடுத்தார்கள், ஒப்புதல் வாக்குமூலம் எழுத வைத்தார்கள், பிறகு பெரும்பாலோரை ஊருக்கு வெளியே சோயுங் ஏக் என்ற இடத்துக்கு லாரியில் கொண்டுபோய்க் கொன்றார்கள். உயிர் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஓவியர் வான் நாத் பிழைத்தது போல் பாட்டின் உருவத்தை வரையத் தெரிந்ததால்.

அந்த ஆட்சி நடந்தது மூன்று ஆண்டு எட்டு மாதம் மூன்று வாரம். பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் இறந்தவர்கள் சுமார் 17 லட்சம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. நாட்டின் மொத்த மக்கள்தொகையே 80 லட்சத்துக்குள்தான். வகுத்துப் பார்த்தால் சராசரியாக நாளொன்றுக்கு 1,200-க்கு மேல் சாவு. ‘இன்னும் சிறிது காலம் பொறுத்திருக்கலாம்’ என்று யாராவது சொன்னால், அந்தக் காலத்தை இந்த எண்ணால் பெருக்கிச் சொல்ல வேண்டும். அந்தப் பெருக்குத்தொகையை வெளிப்படையாகச் சொன்ன பிறகும் பொறுத்திருப்பதே சரி என்று வாதிட ஒருவருக்கு நெஞ்சுரம் இருந்தால் அவரோடு பேசலாம்.

அந்த மக்களே எழுந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எழ முயன்றவர்களின் கதையை இவர்கள் கேட்டதில்லை. வியட்நாம் எல்லையை ஒட்டிய கிழக்கு மண்டலத்தின் மீது 1978 மே மாதம் போல் பாட்டின் மையப்படை பாய்ந்தது. மண்டலத்தின் தலைவர் சோ பிம், கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவர், தற்கொலை செய்துகொண்டார். சில படைப்பிரிவுகள் காட்டுக்குள் போய்ச் சண்டையிட்டன. அதற்குப் பழியாக அந்த மண்டலத்து மக்களை ஊர் ஊராக மேற்கே கொண்டுபோனார்கள். போகும்போது அவர்களுக்கு நீலக் கட்டம் போட்ட கழுத்துத் துண்டு கொடுக்கப்பட்டது. போன இடத்தில் அந்தத் துண்டே கொல்லப்பட வேண்டியவர் யார் என்பதற்கு அடையாளமாயிற்று. கட்சியும் படையும் ஆயுதமும் கையிலிருந்தவர்களின் எழுச்சி இப்படி முடிந்தது. கஞ்சித்தண்ணீர் குடித்துக்கொண்டு, வீட்டில் பேசினால் பிள்ளையே காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சிக்கொண்டு, பக்கத்து ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு இல்லாமல் கிடந்த உழவர்கள் எதைக் கொண்டு எழுவார்கள்? மக்கள் தம் கொடுங்கோலனைத் தாமே வீழ்த்த வேண்டும் என்ற விதிக்கு, மக்கள் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறார்கள் என்பது முன்நிபந்தனை. அதுவே இல்லாத இடத்தில் அந்த விதியைப் பேசுவது கொடுமை.

வேறு வழிகள் இருந்தன என்பது அடுத்த வாதம். என்னென்ன வழிகள்? 1978-இல் பிரிட்டன், கனடா, நார்வே உள்ளிட்ட சில அரசுகள் அகதிகளின் சாட்சியங்களைத் தொகுத்து ஐ.நா. மனித உரிமை ஆணையத்திடம் கொடுத்தன. அவற்றை ஆராய்ந்து அறிக்கை தயாராவதற்குள் போல் பாட் நோம் பென்னை விட்டே ஓடியிருந்தார். அதே 1978 ஆகஸ்டில் அமெரிக்க செனட்டில் ஜார்ஜ் மெக்கவர்ன் ஒரு கேள்வி எழுப்பினார். கம்போடியாவில் நடக்கும் படுகொலையை நிறுத்தச் சர்வதேசப் படை ஒன்றை அனுப்புவதைப் பற்றி யோசிக்கக் கூடாதா என்று கேட்டார். வியட்நாம் போரை எதிர்த்தே 1972-இல் அதிபர் தேர்தலில் நின்றவர் அவர். போரின் கேட்டை நன்கறிந்த ஒருவர் அப்படிக் கேட்டதே நம்மை நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டும். அவருடைய அரசு அதைத் தட்டிக் கழித்தது.

வியட்நாமாவது பேசிப் பார்த்ததா? பார்த்தது. கெமர் ரூஜ் படைகள் 1977-இலிருந்து எல்லை தாண்டி வியட்நாமிய ஊர்களைத் தாக்கிக்கொண்டிருந்தன. 1978 பிப்ரவரி 5 அன்று ஹனோய் ஒரு திட்டத்தை முன்வைத்தது. இரு தரப்பும் எல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் பின்வாங்குவது, பேச்சு நடத்துவது, சர்வதேச மேற்பார்வைக்கு உடன்படுவது. நோம் பென் அதை நிராகரித்தது. ஏப்ரலில் கெமர் ரூஜ் படை அன் சியாங் மாகாணத்தில் பா சுக் என்ற ஊருக்குள் புகுந்து 3,157 பேரைக் கொன்றது. கோயிலுக்குள் ஒளிந்தவர்களையும் விடவில்லை. தன் குடிகள் இப்படிச் சாகும்போது எந்த அரசும் படையெடுக்கும். ஐ.நா. சாசனத்தின் 51-ஆவது பிரிவு தற்காப்புக்கு இடமளிக்கிறது. ஆக, சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தாலும் வியட்நாமின் கை வெறுங்கையாக இல்லை.

இங்கேதான் எதிர்த்தரப்பு வேறு பக்கம் திரும்பும். அப்படியானால் வியட்நாம் தன் நலனுக்காகத்தான் போனது, கம்போடிய மக்களுக்காகப் போகவில்லை, இதை எப்படி மீட்பு என்பது என்று கேட்பார்கள். உண்மைதான். ஹனோய் தலைமைக்குக் கருணை பொங்கியதால் படை கிளம்பவில்லை. 1970-களின் தொடக்கத்தில் கெமர் ரூஜை வளர்த்ததில் வியட்நாமியக் கம்யூனிஸ்டுகளுக்கும் பங்கு உண்டு. 1975-க்குப் பின் முதல் இரண்டு ஆண்டுகள் படுகொலைச் செய்திகள் வந்தபோது அவர்கள் வாய் திறக்கவில்லை. 1978 நவம்பரில் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் செய்து முதுகைப் பத்திரப்படுத்திக்கொண்ட பிறகே நகர்ந்தார்கள். இதையெல்லாம் ஒத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஒரு போரின் நியாயத்தை, அதைத் தொடுத்தவனின் மனத்தூய்மையை வைத்து அளப்பது, செத்துக்கொண்டிருந்தவர்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறது. 1979 ஜனவரியில் பொதுச் சமையற்கூடங்களை விட்டு வெளியேறி, பிரிக்கப்பட்ட கணவனையும் குழந்தைகளையும் தேடிக்கொண்டு நாடெங்கும் சாலைகளில் நடந்த மக்களுக்கு ஹனோயின் உள்நோக்கம் முக்கியமாகப்பட்டிருக்காது. நோக்கம் தூய்மையாக இருக்கும் அரசு வரட்டும் என்று காத்திருந்தால் எந்த அரசும் வந்திருக்காது. வரவும் இல்லை.

எதிர்த்தரப்பின் மிக வலுவான குரலுக்கு இப்போது வருகிறேன். அது ஒரு தமிழருடைய குரல். சின்னத்தம்பி ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915-இல் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர், சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர், 1967-இல் ஆசியானை உருவாக்கிய பாங்காக் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஐவரில் ஒருவர். வியட்நாமுக்கு எதிரான ஆசியானின் ராஜதந்திரப் போரை முன்னின்று நடத்தியவர்களில் அவரைவிடக் கூர்மையாகப் பேசியவர் இல்லை. அவர் போல் பாட்டை நேசித்தவரல்ல. அவர் கவலை வேறு. சிங்கப்பூர் ஒரு சிறு தீவு. பெரிய அண்டைநாடு ஒன்று படையோடு வந்து, உன் அரசு பிடிக்கவில்லை என்று சொல்லி வேறோர் அரசை வைத்துவிட்டுப் போவதை உலகம் ஏற்றுக்கொண்டால், சிறு நாடுகளுக்கு எல்லை என்பதே இல்லாமல் போய்விடும். படைபலம் இல்லாதவனுக்கு விதி ஒன்றுதான் காவல். அந்த விதியில் ஓட்டை விழ விடக்கூடாது. இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். இதே அச்சத்தை 1979 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் பிரான்சின் பிரதிநிதியும் வேறு சொற்களில் சொன்னார். ஓர் ஆட்சி வெறுக்கத்தக்கது என்பதே அந்நியத் தலையீட்டுக்கு நியாயமாகிவிட்டால் உலக ஒழுங்கு நிலைக்காது என்பது அவர் நிலை. நார்வேயும் ஏறத்தாழ அதையே சொன்னது. படைகள் விலக வேண்டும் என்ற தீர்மானத்துக்கு 13 நாடுகள் ஆதரவளித்தன. சோவியத் வீட்டோ அதை நிறுத்தியது.

விதியைக் காப்பாற்ற வேண்டும் என்பது வரை இவர்களோடு என்னால் வர முடியும். ஆனால் விதியைக் காப்பாற்ற என்ன செய்திருக்கலாம், என்ன செய்தார்கள் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வியட்நாம் படை விலக வேண்டும் என்று கோரியிருக்கலாம். ஹனோய் அமர்த்திய ஹெங் சம்ரின் அரசை ஏற்க மறுத்திருக்கலாம். கம்போடியாவின் ஐ.நா. இருக்கையை யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்திருக்கலாம். 1979 செப்டம்பரில் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகள் மாநாடு அதைத்தான் செய்தது. விதியும் பிழைத்திருக்கும், மானமும் பிழைத்திருக்கும். ஹவானாவில் அதை எதிர்த்து வாதாடினார் ராஜரத்தினம். அதே மாதம் 21-ஆம் தேதி ஐ.நா. பொது அவை வாக்களித்தது. 71 நாடுகள் ஆதரவு, 35 எதிர்ப்பு, 34 நடுநிலை. நாட்டை விட்டு விரட்டப்பட்டு, தாய்லாந்து எல்லைக் காடுகளில் பதுங்கியிருந்த கெமர் ரூஜ் கும்பலே கம்போடிய மக்களின் பிரதிநிதி என்று உலகம் முடிவு செய்தது. கார்ட்டரின் அமெரிக்கா, மனித உரிமையைத் தன் வெளியுறவுக் கொள்கையின் உயிர் என்று சொல்லிக்கொண்ட அமெரிக்கா, அதற்கு ஆதரவாக வாக்களித்தது.

அந்த வாக்கின் விலையைக் கொடுத்தவர்கள் உயிர் தப்பிய கம்போடியர்கள். அங்கீகாரம் இல்லாத அரசு என்பதால் 1980-கள் முழுவதும் ஐ.நா.வின் வளர்ச்சி உதவி அந்த நாட்டுக்குக் கிடைக்கவில்லை. மருத்துவர்களும் ஆசிரியர்களும் பெரும்பாலும் கொல்லப்பட்டுவிட்ட நாடு, பணமே இல்லாமல் 1980 மார்ச்சில்தான் மறுபடி ரியால் நோட்டு அச்சிட்ட நாடு, தன் கிணறுகளையும் பள்ளிகளையும் மேற்கின் உதவி இல்லாமல் சீர்செய்ய வேண்டியிருந்தது. ஆக்ஸ்பாம் போன்ற தொண்டு நிறுவனங்கள் சிலவும், சோவியத் அணியும், பின்னர் இந்தியாவும் செய்ததுதான் உதவி. இந்திரா காந்தியின் அரசு 1980 ஜூலையில் நோம் பென் அரசை அங்கீகரித்தது. அன்றைக்கு அது துணிச்சலான முடிவு. நம் வெளியுறவு வரலாற்றைப் பேசுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதே இல்லை.

மறுபக்கம், எல்லைக்கு அப்பால் தோற்றுப்போன கெமர் ரூஜ் மறுவாழ்வு பெற்றது. சீனா ஆயுதம் கொடுத்தது, தாய்லாந்து வழி கொடுத்தது, அகதி முகாம்களுக்குப் போன உணவில் ஒரு பங்கு அவர்கள் படைக்கும் போயிற்று. அகதிகளின் மேல் கரிசனம் என்று சொல்லிக்கொண்டவர்களுக்காக இன்னொன்றையும் பதிவு செய்கிறேன். 1979 ஜூனில் தாய்லாந்து ராணுவம் 40,000-க்கும் மேற்பட்ட கம்போடிய அகதிகளைப் பேருந்துகளில் ஏற்றிப் பிரியா விஹார் மலைச்சரிவில் இறக்கி, கண்ணிவெடிகள் புதைந்த காட்டுக்குள் துப்பாக்கிமுனையில் தள்ளிவிட்டது. கொள்கையின் பெயரில் வியட்நாமைக் கண்டித்த அணியின் முன்வரிசை நாடு அது.

வியட்நாமின் பத்தாண்டு ஆக்கிரமிப்பைச் சொல்லுங்கள் என்பார்கள். சொல்கிறேன், மறைக்க எதுவும் இல்லை. ஒற்றைக் கட்சி ஆட்சியை வைத்தார்கள். தாங்களே அமர்த்திய பிரதமர் பென் சொவான் சற்றுச் சுதந்திரமாகப் பேசத் தொடங்கியதும் 1981-இல் அவரைக் கைது செய்து ஹனோய்க்குக் கொண்டுபோய்ப் பத்தாண்டு அடைத்துவைத்தார்கள். தாய்லாந்து எல்லையில் தடுப்பரண் கட்ட, கே5 என்ற திட்டத்தின் கீழ் உழவர்களைக் கட்டாய வேலைக்கு அனுப்பி, மலேரியாவுக்கும் கண்ணிவெடிக்கும் பலரைப் பலி கொடுத்தார்கள். இவை குற்றங்கள். ஆனால் அந்தத் தடுப்பரண் யாரைத் தடுக்க? எல்லைக்கு அப்பால் உலகத்தின் அங்கீகாரத்தோடும் சீனத்தின் துப்பாக்கியோடும் திரும்பி வரக் காத்திருந்த அதே கெமர் ரூஜை. 1980-இல் வியட்நாம் படை விலகியிருந்தால் நோம் பென்னுக்குள் அடுத்து யார் நுழைந்திருப்பார்கள் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஆக்கிரமிப்பு நீடித்ததற்கு ஹனோயின் ஆசை ஒரு காரணம் என்றால், அதை விலகவிடாமல் செய்த ஏற்பாடு இன்னொரு காரணம். அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களே ஆக்கிரமிப்பு நீண்டதென்று குறை சொல்கிறார்கள். 1989 செப்டம்பரில் வியட்நாம் தன் படையை விலக்கிக்கொண்டது. கைப்பற்றிய நாட்டைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளவும் இல்லை.

1970-களில் இதே போன்ற போர்கள் இன்னும் இரண்டு நடந்தன. 1979 ஏப்ரலில் தன்சானியப் படை உகாண்டாவின் கம்பாலாவுக்குள் நுழைந்து சர்வாதிகாரி இடி அமீனை விரட்டியது. 1971-இல் நடந்ததை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிழக்குப் பாகிஸ்தானில் யாஹ்யா கானின் ராணுவம் செய்த கொலைகளால் ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். இந்தியா படையெடுத்தது. ஐ.நா. பொது அவையில் 104 நாடுகள் போர்நிறுத்தமும் படை விலகலும் கோரி வாக்களித்தன, இந்தியாவின் பக்கம் நின்றவை 11. அயல்நாட்டுப் படை எக்காரணத்தாலும் எல்லை தாண்டக் கூடாது என்பது உங்கள் கொள்கையானால், அந்த 104 நாடுகள் சொன்னதுதான் சரி, டாக்கா விடுதலையானது தவறு. இதை ஒப்புக்கொள்ளும் இந்தியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கம்போடியாவுக்கு ஒரு விதி, வங்கதேசத்துக்கு ஒரு விதி என்று வைத்துக்கொள்ள முடியாது.

கடைசியாக, எல்லோரும் எடுத்து வைக்கும் இராக். கம்போடியாவை நியாயப்படுத்தினால் இராக்கையும் நியாயப்படுத்த வேண்டிவரும் என்று அஞ்சித்தான் பலர் முழு விதியையும் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த அச்சத்துக்கு அடிப்படையே இல்லை. சதாம் உசேன் கொடுங்கோலன். 1988-இல் குர்துகள் மீது அன்ஃபால் படையெடுப்பை நடத்தினார், ஹலப்ஜாவில் விஷவாயு வீசி ஆயிரக்கணக்கானோரை ஒரே நாளில் கொன்றார். அந்தக் கொலை நடந்துகொண்டிருந்தபோது வாஷிங்டன் அவருக்குக் கடனுதவி கொடுத்துக்கொண்டிருந்தது. படை அனுப்பியது பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2003 மார்ச்சில். அப்போது சொன்ன காரணம் பேரழிவு ஆயுதங்கள். ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஐ.நா. ஆயுத ஆய்வுக் குழு உள்ளே தேடிக்கொண்டிருந்தது, இன்னும் சில மாத அவகாசம் கேட்டது. அவகாசம் மறுக்கப்பட்டது. ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2004-இல் அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே அறிக்கை கொடுத்தது.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கம்போடியாவில் நாள்தோறும் நடந்துகொண்டிருந்த படுகொலையைப் படை நிறுத்தியது. 2003 இராக்கில் அந்த அளவில் நடந்துகொண்டிருந்த படுகொலை எதுவும் இல்லை; படுகொலைகள் படை வந்த பிறகு பெருகின. வியட்நாமின் ஊர்கள் தாக்கப்பட்டன; அமெரிக்காவை இராக் தாக்கவில்லை. ஹனோய் முன்வைத்த சமரசத்தைப் போல் பாட் நிராகரித்தார். இராக்கில் ஆய்வு என்ற மாற்றுவழி வேலை செய்துகொண்டிருந்தது, அதைப் படையெடுத்தவர்கள்தான் முறித்தார்கள். இராக் போரை எதிர்க்க இந்தக் காரணங்களே ஏராளம். இறையாண்மை எந்நிலையிலும் தொடக்கூடாதது என்ற கொள்கைக்கு அங்கே வேலையே இல்லை. உண்மையில் அந்தக் கொள்கையை மட்டும் வைத்து இராக்கை எதிர்த்தவர்கள் மிகப் பலவீனமான ஆயுதத்தைக் கையில் எடுத்தார்கள். புஷ் பொய் சொன்னாலும் உண்மை சொன்னாலும் அவர்கள் எதிர்ப்பு ஒன்றாகவே இருந்திருக்கும். பொய்யையும் உண்மையையும் பிரித்துப் பார்க்க முடியாத விதி, போல் பாட்டையும் அவர் கையில் செத்தவர்களையும் பிரித்துப் பார்க்காததில் வியப்பில்லை.

ஹூன் சென்னின் பக்கம் நான் நிற்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் கெமர் ரூஜ் தளபதி, 1977-இல் வியட்நாமுக்குத் தப்பியவர், 1985 முதல் 2023 வரை பிரதமராக இருந்துவிட்டு மகனிடம் பதவியைக் கொடுத்தவர். எதிர்க்கட்சியைக் கலைத்ததற்கும் பத்திரிகைகளை மூடியதற்கும் ஜனவரி 7-ஐக் கேடயமாக்கியவர். ஒரு மக்களைச் சாவிலிருந்து மீட்டது மீட்டவர்களுக்கு அவர்களை ஆளும் உரிமையைத் தராது. ஆனால் அந்த நாளை அவர் தவறாகப் பயன்படுத்தினார் என்பதால் அந்த நாளில் நடந்தது தவறாகிவிடாது. லீ சியன் லூங்குக்கு 2019-இல் அவர் சொன்ன பதிலில் உண்மை இருந்தது.

அந்த உண்மையை அதற்கு முன்பே ஒரு நீதிமன்றமும் பதிவு செய்திருந்தது. கியூ சம்பான் போல் பாட் ஆட்சியின் அரசுத் தலைவராக இருந்தவர். 1982-இல் ஆசியான் நாடுகளின் முயற்சியால் கோலாலம்பூரில் முன்னாள் மன்னர் சிஹானூக்கையும் கெமர் ரூஜையும் சேர்த்து ஒரு கூட்டணி உருவாக்கி, ஐ.நா. இருக்கையை அதன் பெயரில் தொடர்ந்தபோது, அதன் துணைத் தலைவராக வெளியுறவுப் பொறுப்பை ஏற்றவரும் அவரே. உலக மன்றங்களில் கம்போடியாவின் பெயரில் பேசும் உரிமை அவர் தரப்புக்கு இருந்தது. 2018 நவம்பர் 16 அன்று, ஐ.நா. ஆதரவோடு நோம் பென்னில் அமைந்த தீர்ப்பாயம், வியட்நாமிய வம்சாவளியினரை இனப்படுகொலை செய்த குற்றத்தில் அவரைக் குற்றவாளி என அறிவித்தது. 2022-இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. சிங்கப்பூர்ப் பிரதமரின் இரங்கல் குறிப்பு வெளிவந்தது 2018 தீர்ப்புக்கு ஆறு மாதங்களுக்குப் பிறகு. வியட்நாமின் படையெடுப்பை எதிர்த்து நின்றதில் இன்றும் பெருமை கொள்கிறவர்கள், அந்த எதிர்ப்பு யாரை ஐ.நா. மேடையில் அமர்த்தியது என்பதையும் அதே குறிப்பில், அதே பெயர்களோடு எழுதட்டும்.